அண்ணி பூட்டி வைத்த கடைசிக் காட்சி

நாடகக் குழுவில் என் அண்ணிக்குப் ‘புயல்’ என்று பெயர். தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் விசைப்பலகை அழாத குறைதான். ஆனால் ‘சேமிச்சுக்கோங்க அண்ணி’ என்றால் மட்டும் காது கேட்காது.

வீட்டில் கணினி இரண்டு, நாடகக் கோப்பு ஒன்று. எழுதுவது அண்ணன், அடிப்பது அண்ணி. அவன் கோப்பை மூடாமலே வெளியே கிளம்பிவிடுவான். அண்ணி திறந்தால், ‘வேறொருவர் இதைத் திறந்து வைத்திருக்கிறார்’ என்று எச்சரிக்கை வரும்; ஒருவர் திறந்திருக்கும்வரை மற்றவர் கைவைக்காதபடி கோப்பு பூட்டிக்கொள்ளும்.

"வேறொருத்தர் யாரு? எல்லாம் உங்க அண்ணன்தான்!" மேற்கொண்டு படிக்காமல் ‘பூட்டை அழி’ என்பதைத் தட்டிவிடுவார். வருடக்கணக்கான பழக்கம்.

அன்று அண்ணி அடித்தது அவருடைய சொந்த நாடகம். முதல் நாடகம்! ஒத்திகைக் கூடத்தில் நடிகர்கள் காத்திருந்தார்கள். கடைசிக் காட்சியைத் தாளில்கூட எழுதாமல் நேராக அடித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது.

"ஐயோ, சேமிக்கலையே!" அழுதேவிட்டார்.

மின்சாரம் வந்ததும் கோப்பைத் திறந்தோம். அதே எச்சரிக்கை. அண்ணியின் விரல் தன்பாட்டுக்கு ‘அழி’ பக்கம் போனது. எனக்குச் சுருக்கென்றது. பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"இருங்க அண்ணி! அண்ணன் இன்னைக்குக் கணினி பக்கமே வரலையே. அப்போ திறந்தது யாரு?"

முதல்முறையாக முழுவதும் படித்தோம். திறந்தவர் என்ற இடத்தில் அண்ணியின் பெயரே இருந்தது. அதற்குக் கீழே: ‘சேமிக்காத எழுத்து இதில் இருக்கிறது. மீட்கவா, அழிக்கவா?’

"மீட்கணும்டி, மீட்கணும்!"

தட்டினேன். வந்தது பாருங்கள், மொத்தக் காட்சியும்! கடைசி வசனம் மட்டும் பாதியில் நின்றது. இருவரும் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது.

"அந்தப் பாதி போனா போகட்டும். அதைவிட நல்லதா ஒண்ணு தோணுது," என்று அண்ணி அந்த வசனத்தைப் புதிதாக அடித்து முடித்தார். வேறு பெயரில் சேமிக்க வைத்து, மேலிருந்து கீழ்வரை சரிபார்த்த பிறகுதான் பழைய பூட்டை அழிக்க விட்டேன்.

அண்ணன் வந்தான். யார் எழுதினாலும் முடிவை மாற்றாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. நேராகத் தன் கணினியில் உட்கார்ந்தான்.

"ஏம்மா, கோப்பு உன்கிட்ட திறந்திருக்குன்னு வருது. கொஞ்சம் மூடேன், முடிவை லேசாத் தட்டிக் கொடுக்கறேன்."

"மூட மாட்டேங்க. ‘படிக்க மட்டும்’னு ஒண்ணு இருக்கும், அதைத் தட்டிப் படிங்க."

அவன் அறையிலிருந்து வசனங்களை முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. கடைசி வசனம் வந்ததும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.