எதிர்மலைக்குக் கேட்ட மேளம்

முதலில் கேட்பது மழை. கேசட் சுற்றத் தொடங்கியதும் பாட்டு வராது. தொலைவில் மலையேறி வரும் மழையைப் போல ஓர் இரைச்சல் மெல்லக் கிளம்பி, நெருங்கி, வீடு முழுக்க நிறையும். முதல் தடவை அதைக் கேட்ட என் அத்தை பச்சையம்மா, பாறையில் காயப்போட்டிருந்த சாமையை அள்ள முறத்தோடு வெளியே ஓடிவிட்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவள், "இன்னா பொட்டி இது, மானத்துல ஒரு மேகங்கூட இல்ல, வூட்டுக்குள்ள மழ பேயுது" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டாள். அது மழையல்ல, ஏதோ ஒரு நாட்டில், ஒரு மைதானத்தில், பாட்டுக்குழு ஒன்று மேடையேறக் காத்திருந்த கூட்டத்தின் சத்தம்.

மாமா கோவிந்தன் என் அம்மாவின் தம்பி. காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் கூடத்தின் குடியிருப்பில் தோட்டவேலை செய்தார். அங்கிருந்து மாற்றலாகிப் போன ஒருவர், பெரிய டேப்ரிக்கார்டர் ஒன்றையும் ஒரே ஒரு கேசட்டையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டு ராக் குழு மேடையில் பாடியதை அப்படியே பதிந்த கேசட். எழுபதுகளின் கடைசி அது; எங்கள் மலையூரில் மின்சாரம் இல்லை. "பேட்டரிக் கட்டை" போட்டால்தான் பெட்டி பாடும், கட்டை மலையடிவாரத்து ஒடுகத்தூரிலிருந்து வரவேண்டும். தீர்ந்துபோன கட்டைகளை அத்தை மிளகாயோடு சேர்த்து வெயிலில் வைப்பாள். சூடேறினால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். ஓடும், ஆனால் இழுக்கும். பாடுகிறவன் கிணற்றுக்குள்ளிருந்து கொட்டாவி விடுவதைப் போலக் கேட்கும். "உங்காளுக்குத் தூக்கம் வந்துட்சி, படுக்கப் போடு" என்பாள் அத்தை.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. பள்ளி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தால் நேரே மாமா வீட்டுக்குத்தான் போவேன். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்காருவோம். ஒரு சொல்லும் புரியாத அந்தப் பாட்டுகளில் எங்களுக்குத் தெரியாத இடமே கிடையாது. இரண்டாம் பாட்டில் கிதார் வாசிப்பவன் ஓரிடத்தில் தடுமாறுவான். கூட்டம் சிரிக்கும், அவனும் சிரிப்பான். மூன்றாம் பாட்டுக்கு முன்னால் எங்கோ ஒருத்தி தொண்டை கிழியக் கத்துவாள். அத்தை அவளுக்கு "சீக்காளி" என்று பேர் வைத்திருந்தாள். பாடகன் நடுவில் ஏதோ பேசுவான். "படிக்கிறவதான நீ, இன்னா சொல்றான் சொல்லு" என்று மாமா கேட்பார். நானும் கூசாமல், "எல்லாரும் சாப்ட்டு வந்தீங்களான்னு கேக்கறான் மாமா" என்பேன். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கிறதா என்றுதான் அவன் கேட்டான் என்பது கல்லூரிக்குப் போன பிறகு புரிந்தது.

கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் மற்ற எல்லாம் நின்றுபோய் டிரம் மட்டும் தனியாக நெடுநேரம் ஒலிக்கும். மாமாவுக்கு உயிரே அதில்தான்.

எங்கள் ஊருக்கும் எதிர்மலை ஊருக்கும் நடுவே ஒரு பள்ளம். இந்தப் பக்கம் ஆடு கத்தினால் அந்தப் பக்கம் கேட்கும், நடந்து போக மட்டும் அரைநாள் ஆகும். அதனால் இரண்டு ஊருக்கும் மேளம்தான் பேச்சு. வேகமாக அடித்தால், யாருக்கோ முடியவில்லை, கீழே தூக்கிக்கொண்டு போகத் தோள் வேண்டும், ஓடி வாருங்கள் என்று பொருள். அவர்கள் உடனே திருப்பிக் கூவுவார்கள், கழியும் கயிறுமாக ஓடிவருவார்கள். விட்டுவிட்டு மெதுவாக அடித்தால் சாவு. சாவு மேளத்துக்குக் கூவக் கூடாது. குளித்து, ஊரே ஒன்றுசேர்ந்து, சாமை எடுத்துக்கொண்டு, பெண்கள் முன்னால் நடக்க வருவார்கள்.

புதுக் கட்டை போட்ட ஒருநாள் மாமா பெட்டியைப் பாறைமேல் வைத்து டிரம்மை முழுச் சத்தத்தில் பாடவிட்டார். எதிர்மலையிலிருந்து கூவல் வந்தது. மத்தியானத்தில் நாலு ஆண்கள் வேர்த்து வடிய கழியோடு வந்து நின்று, "யாருக்கு இன்னாச்சி?" என்று கேட்டார்கள். மாமா பெட்டியைக் காட்டினார். அவர்களில் மூத்தவர், "உன் பொட்டிக்குத்தான் ஒடம்பு சரியில்லியா? அதையே தூக்கிக்கினு போறோம், கட்டு கயித்துல" என்றார். களி தின்றுவிட்டு, திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் போனார்கள்.

அடுத்த கோடை விடுமுறையில் அத்தைக்குத் தலைப்பிரசவம். அன்றைக்கு ஊரே மலைக்கு அந்தப்புறம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. மேளமும் மேளக்காரரோடு அங்கேதான் இருந்தது. நாள் கணக்கு இன்னும் இருக்கிறது என்று நம்பி அத்தைக்குத் துணையாக மாமாவும் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். விடிந்ததும் வலி வந்தது. வெயில் ஏறியபோது குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அம்மா சொன்னாள். "கீழ கொண்டும்போயிடணும்டா, இங்க ஆவாது." டோலி கட்ட மூங்கிலும் போர்வையும் இருந்தன, தூக்கத்தான் ஆள் இல்லை. எதிர்மலைக்குப் போய்ச் சொல்லி அழைத்துவர ஒருநாள் ஆகும். மேளம் கேட்டால் அவர்கள் இப்போதே கிளம்பிவிடுவார்கள். மாமா பெட்டியை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினார். நானும் ஓடினேன்.

கட்டைகள் வெயிலில் வைத்து எடுத்தவை. டிரம் வந்தது, ஆனால் அது எங்கள் டிரம் இல்லை. ஒவ்வோர் அடியும் கனத்து, இடைவெளி விட்டு விழுந்தது.

"மாமா, இழுக்குது."

"இழுத்தா இழுக்கட்டும். கேக்குதில்ல."

கேட்டது. எதிர்மலையில் ஆட்கள் வீடுகளைவிட்டு வெளியே வந்து நிற்பது தெரிந்தது. கூவல் வரவில்லை. மாமா துண்டை வீசினார், கத்தினார். காற்று எங்கள் பக்கமாக அடித்தது. டிரம் முடிவதற்குள் பெட்டி முனகி நின்றுவிட்டது. "பாத்துட்டாங்க, வந்துருவாங்க" என்று மாமா வீட்டுக்குத் திரும்பினார். நான் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து எதிர்ச்சரிவில் அவர்களைக் கண்டேன். வரிசையாக வந்தார்கள். நடந்து வந்தார்கள். முன்னால் பெண்கள், அவர்கள் தலையில் கூடை. யாரும் ஓடவில்லை. என்ன நடந்துவிட்டது என்று அந்த நடையைப் பார்த்தே எனக்குத் தெரிந்துபோயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்தபோதே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார்கள். உள்ளே அத்தைக்கு இன்னும் நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்குடி அழுவுறாங்க?" என்று கேட்டாள். அம்மா வெளியே ஓடி அவர்கள் வாயைப் பொத்தினாள். கூடைகளை அப்படியே போட்டுவிட்டு ஆண்கள் டோலியைத் தூக்கினார்கள். அன்று அவர்கள் ஓடியதைப் போல அந்த இறக்கத்தில் யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். ஒடுகத்தூர் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்த வளைவில் அத்தை போய்விட்டாள். குழந்தை வெளியே வரவே இல்லை. அவர்கள் கொண்டுவந்த சாமையைத்தான் மறுநாள் சாவு வீட்டில் பொங்கினோம்.

எதிர்மலைக்காரர்களை யாரும் குறை சொல்ல முடியவில்லை. "நீங்க சாவு மோளந்தான அடிச்சீங்க" என்று மூத்தவர் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார்.  மாமா பெட்டியை உடைப்பார் என்று நினைத்தோம். உடைக்கவில்லை, மூலையில் வைத்துத் துணி போட்டு மூடினார். அந்த மழைக்காலத்தில் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. பெட்டியை எலி கடித்துத் தின்றது.

இப்போது எங்கள் ஊர்வரை ஜீப் வருகிறது. மேளம் அடித்து ஆள் கூப்பிடுகிற வழக்கம் நின்றுவிட்டது. பள்ளத்தில் இறங்கும் பாதையை உண்ணிமுள் புதர் மூடிவிட்டது. எதிர்மலையில் யார் இருக்கிறார்கள் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மாமாவின் வீடு இருந்த இடத்தில் யாரோ கொள்ளு விதைக்கிறார்கள்.

நான் போளூரில் ஆசிரியையாக இருக்கிறேன். முதல் வருடமே டவுன் கடையில் அதே கேசட்டைத் தேடி வாங்கினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அந்த எழவ எதுக்குடி வூட்ல வெச்சிக்கினுகீற?" என்கிறாள். அந்தப் பாட்டுக்காரர்கள் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரித்த காலம் அந்தக் கேசட்டில்தான் இருக்கிறது. ஒரு பாட்டையும் ஓட்டிவிடாமல் முழுக்கக் கேட்கிறேன். கரண்டில் ஓடும்போதுதான் அந்த டிரம் எவ்வளவு வேகம் என்று தெரிகிறது. எதிர்மலைக்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருப்பார்கள். அது தொடங்கும் ஒவ்வொரு முறையும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுகிறேன். பிறகு உட்கார்ந்து கடைசிவரை கேட்கிறேன்.