வெறுங்காலோடு ஒரு சுற்று

காருக்குள் ஏறுமுன் ஒஸ்வால்ட் செருப்பைக் கழற்றிவிடுவார். கோயிலுக்குப் போகிறவரைப் போல இரண்டையும் கராஜ் வாசலில் சோடியாக வைப்பார். முன் இடப்பக்க இருக்கையின் காலடியில் கிடக்கும் கம்பளத்தை உருவி வெளியே போட்டுவிட்டு, வெறும் தகரத்தில் பாதத்தை ஊன்றி உட்காருவார். வாகனத்துக்கு உரியவர்தான் ஓட்ட வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் வரை போய்த் திரும்பும் அந்த ஒரு சுற்று முடியாமல் வேலை முடிந்ததாக அவர் சொல்லமாட்டார்.

"காதுக்குச் சத்தம் மட்டுந்தான் கேக்கும். சூடு காலுக்குத்தான் வெளங்கும்" என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. சைலன்சர் தவிர வேறு எதையும் தொடமாட்டார். பிரேக்கைப் பார்க்கச் சொன்னால் பக்கத்துக் கராஜைக் கையால் காட்டுவார். அளவுகோல் அவருடைய விரல்கள்தான். குழாய்க்கும் அதற்கு மேலே உள்ள தகட்டுக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். பால் கலக்காத பிளேன்டீ குடிக்கும்போது கதைக்கமாட்டார். பாதியில் யாராவது கூப்பிட்டுவிட்டால் மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றிவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவரச் சொல்வார். எதிர்வீட்டு மாடியிலிருந்து இருபது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேநீர்க்கடைக்காரருக்கு இதில் ஒரு வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஷிப்லி என்பவர் வந்தார். இரண்டே இருக்கை உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கடற்கரையோரம் நின்று நின்று அதன் சைலன்சரை உப்புக்காற்று தின்றுவிட்டது. அதே சைலன்சர் எங்கும் கிடைக்காமல், பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் அதே காரின் டர்போ வகைக்கு உரிய ஒன்றைத் தேடிப் பிடித்து வந்திருந்தார். பெயர் ஒன்று, உடம்பு வேறு. குழாயின் பருமன் கூடுதல். தொங்கவிடும் கொக்கிகளும் இடம் மாறி இருந்தன. குழாயின் சூடு உள்ளே ஏறாமல் தடுக்க ஒவ்வொரு காரின் அடியிலும் ஒரு தகடு இருக்கும். அந்தத் தகட்டில் பருத்த குழாய் போய் இடித்தது.

"தகட்ட கழட்டி வீசினா பொருந்துந்தானே அண்ணன்? எல்லாரும் அப்பிடித்தானே செய்ற" என்றார் ஷிப்லி.

ஒஸ்வால்டின் முகம் கறுத்துவிட்டது. "நானும் செஞ்சனான் தம்பி" என்றார். கையிலிருந்த பிளேன்டீ ஆறிப்போனது. அன்று அவர் புதிதாக ஒன்று கொண்டுவரச் சொல்லவில்லை.

அவர் செய்தது பதின்மூன்று வருடங்களுக்கு முன். அதுவும் இப்படித்தான், ஒரு வகைக்கு உரியதை இன்னொரு வகைக்குப் பூட்டும் வேலை. தகட்டைக் கழற்றி மூலையில் போட்டார். குழாய் பொருந்தியது, சத்தமும் அருமையாக இருந்தது. அந்தச் சந்தோசத்தில் ஒன்பது வயது மகள் தனுஷியாவை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை போனார். கம்பளத்தைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். பிள்ளை வழியெல்லாம் இருக்கையில் சம்மணம் கட்டி இருந்தாள். வீட்டு வாசலில் இறங்குவதற்காக வெறும் இடது காலைத் தகரத்தில் ஊன்றினாள். அந்த அலறலைத் தெருவே கேட்டது. நானும் கேட்டேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். தனுஷியாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. மூடிய சப்பாத்துத்தான் போடுவாள். அப்பா கைவைத்த எந்த வாகனத்திலும் அதன்பிறகு அவள் ஏறியதில்லை. கோபமெல்லாம் இல்லை. அவருக்குச் சமைத்துப் போடுகிறாள், பிரஷர் மருந்தை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறாள். ஏறுவது மட்டும் இல்லை. இதைச் சொல்லும்போது ஒஸ்வால்ட் வேறெங்கோ பார்ப்பார்.

ஷிப்லியின் காரை நான்கு நாள் வைத்திருந்தார். குழாயை மூன்று இடத்தில் அறுத்தார். வளைவைத் தாழ்த்தி ஒட்டினார். கொக்கிகளைப் புதிதாகச் செய்தார். தகடு அதன் இடத்திலேயே இருந்தது. இரண்டு விரல் தாராளமாகப் போனது. நம்பிக்கையில்லாமல் மூன்றாவது விரலையும் நுழைத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை பகல், சுற்றுக்குப் புறப்படும் நேரத்தில் தனுஷியா சோற்றுப் பார்சலோடு வந்தாள். ஷிப்லி ஓட்டுவதற்குத் தயாராக நின்றார். நானும் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தேன். ஒஸ்வால்ட் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா ஒழுங்கா சாப்பிடாம இதுக்குக் கீழயா கிடந்தீங்க?" என்றவள், குனிந்து காரின் அடியைப் பார்த்தாள். "தகடு இருக்கா?"

"இருக்கு மகள்."

நிமிர்ந்து பார்சலை என் கையில் திணித்தாள். "அப்ப நீங்க ஓட்டுங்க அப்பா. நான் பக்கத்தில இருக்கிறன்."

ஷிப்லி ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியை ஒஸ்வால்டிடம் கொடுத்தார். நல்ல மனிதர். தனுஷியா இடப்பக்கக் கதவைத் திறந்து, கம்பளத்தை உருவி வெளியே போட்டுவிட்டு உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையையும் கழற்றினாள்.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். அவள் இந்த முறை சம்மணம் கட்டி இருக்கவில்லை. இரண்டு பாதங்களும் தகரத்தில் இருந்தன.

"சூடில்லப்பா" என்றாள்.

ஒஸ்வால்ட் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார். சுற்றி அவள் பக்கம் வந்து கதவைத் திறந்து முழந்தாளிட்டார். தழும்பு விழுந்த இடது பாதத்தை ஒரு கையால் மெல்லத் தூக்கி, அது இருந்த இடத்தில் மற்றக் கையை விரித்து அழுத்தி வைத்தார். சாவியை வாங்க வந்த ஷிப்லி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒஸ்வால்ட் கையை எடுக்கவில்லை.