கை பட்ட முடிச்சு

உயரமான கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கித் துடைப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தான் கட்டிய முடிச்சைத் தானே நம்பக் கூடாது. மொட்டைமாடித் தூணில் கயிற்றைக் கட்டியதும் இன்னொருவர் வந்து அதைத் தடவி, இழுத்து, "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் கால் போகும். கண்ணால் பார்த்தது கணக்கில் சேராது, கை பட வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அந்தக் கை படவில்லை. கட்டியவர் கம்பெனியிலேயே கைதேர்ந்தவர். பார்க்க வேண்டியவர் அவருடைய உயிர் நண்பர். வேலை நேரத்தில் ஓயாமல் சீட்டியடிப்பதால் 'விசில்' என்று பெயர். "நீ கட்டினதை நான் பாக்கறதா? பாத்தாச்சு, பாத்தாச்சு, போ" என்றார் விசில், டீ தம்ளரைக் கீழே வைக்காமலே. ஏழாவது மாடி. அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது.

செத்தவரின் தங்கைதான் சின்னவள். வீட்டிலும் வேலையிலும் அவளுக்கு அதுதான் பெயர். நடந்தது கூட அவளுக்கு ஒருமாதிரி விளங்கிவிட்டது. அதற்கப்புறம் அண்ணி செய்ததுதான் விளங்கவில்லை. கைக்குழந்தைக்காரி, நாலு மாதம் படுத்துக் கிடந்து அழுதாள். ஐந்தாவது மாதம் தலையை வாரிக்கொண்டு கம்பெனிக்குப் போய், "அவர் உக்காந்து தொங்கின பலகையை எனக்குக் குடுங்க" என்று நின்றாள். பைத்தியமா பிடித்திருக்கிறது என்று கேட்காத ஆள் இல்லை. முதல் நாள் மூன்றாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டே வாந்தியெடுத்தாள். எடுத்துவிட்டு, அந்தக் கண்ணாடியையும் துடைத்துவிட்டுத்தான் இறங்கினாள்! சின்னவளுக்கு ரோஷம் வந்து, மறுவாரமே தானும் ஒரு பலகையில் ஏறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அண்ணி முடிச்சை இவள் பார்ப்பாள், இவள் முடிச்சை அண்ணி பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் இருவரும் ஒரே பெஞ்சில். விசில் கடைசி பெஞ்சில். அவரை யாரும் பிறகு கயிற்றுப் பக்கம் சேர்க்கவில்லை. அதே கட்டடங்களில் படிக்கட்டு கழுவிக்கொண்டிருந்தார். சீட்டியும் நின்றுபோயிருந்தது. ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, பிறர் குற்றத்தை மன்னிக்கிறோம் என்கிற வரி வந்ததும் சின்னவள் வாயை இறுக மூடிக்கொள்வாள். மனசில் இல்லாததை ஆண்டவர் முகத்துக்கு நேராகச் சொல்ல அவளுக்கென்ன தலையெழுத்து! அண்ணியோ அந்த வரியையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். கேட்கிற சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணி நேராக விசிலிடம் போய் நின்றாள்.

"மேல ஒரு ஆள் குறையுதுண்ணே. கம்பெனியில பேசிட்டேன், நாளைக்கு வாங்க."

"படிக்கட்டுக்காம்மா?"

"முடிச்சு பாக்க."

விசிலின் கையிலிருந்த வேதாகமம் நழுவப் பார்த்தது. "வேணாம்மா. என் கைக்கு அந்த யோக்கியதை இல்ல."

"அதை நான் பாத்துக்கறேன். ஆறு மணிக்கு வந்துடுங்க."

தெருமுனை திரும்பும் வரைதான் சின்னவளால் பொறுக்க முடிந்தது. "அண்ணனைக் கொன்ன கை அண்ணி அது! உங்களுக்கு மானம் ரோஷம் கிடையாதா?"

"நெறையவே இருக்குடீ," என்றாள் அண்ணி. "மொத மூணு வருஷம் அந்த ஆள் எங்கயாவது விழுந்து சாகட்டும்னுதான் ஜெபம் பண்ணேன். ஆண்டவருக்கே காது கூசியிருக்கும். அப்புறம் ஒரு நாள் வாய் அலுத்துப்போச்சு. மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். மறுநாள் மறுபடி கோவம் வந்துச்சு. மறுபடி சொன்னேன். இப்படியே எட்டு வருஷம்."

"சொன்னீங்கல்ல? அதோட விடுங்க. உயிரை எதுக்கு அவர் கையில குடுக்கணும்?"

"அவர் இன்னும் அந்த மாடியிலதான் நிக்கிறாரு சின்னவளே. நான் கீழ இருந்து சொன்னா அவருக்குக் கேக்க மாட்டேங்குது."

திங்கட்கிழமைக் கட்டடம் பன்னிரண்டு மாடி. அண்ணி கயிற்றைத் தூணில் கட்டினாள். பழக்கதோஷத்தில் சின்னவள் கையை நீட்டினாள். "நீ தொடாத," என்றாள் அண்ணி. "அவர் பாக்கட்டும்."

விசில் முழங்காலிட்டார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவசர அவசரமாக "பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார் என்றுதான் சின்னவள் நினைத்தாள். இந்தப் பெண்ணின் முன்னால் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் அவருடைய விரல்கள் கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போய், முடிச்சுக்கு வெளியே நீண்டிருந்த நுனியில் நின்றன.

"வால் குறையுதும்மா." விசில் நுனியைத் தூக்கிக் காட்டினார். "ஒரு சாண் இருக்கணும். நாலு விரல்தான் இருக்கு. அவுத்துக் கட்டுங்க."

இத்தனை வருடத்தில் அண்ணியின் முடிச்சில் சின்னவள் ஒரு குறை கண்டதில்லை. அப்போதுதான் அவள் அண்ணியின் கையைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அட, இவளுக்கும் பயம்! இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா நேற்று அப்படிப் போய்க் கூப்பிட்டாள்? ஆண்டவரே, இது என்ன மனுஷி!

அண்ணி மறுபேச்சில்லாமல் அவிழ்த்து, மறுபடி கட்டினாள். விசில் தூணில் காலை ஊன்றி, தன் பாரம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"பாத்தாச்சு."

அண்ணி சுவரைத் தாண்டிப் பலகையில் உட்கார்ந்தாள். கயிறு விறைத்துக்கொண்டு முனகியது. மெல்ல இறங்கிப் போனாள்.

சின்னவளின் கயிறும் கட்டித் தயாராக இருந்தது. அதைப் பார்க்க இப்போது மாடியில் ஒரே ஒரு ஆள்தான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. விசிலுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். "நான் தொடலம்மா," என்றார். "அவங்க மேல வந்ததும் பாக்கச் சொல்லுங்க." படிக்கட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

கோபம் போய்விட்டதா என்று சின்னவள் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எங்கே போகும்? இருந்த இடத்திலேயே கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தது. அதோடுதான் வாயைத் திறந்தாள். குரல் சண்டைக்கு வருகிற குரலாகவே வந்தது.

"எங்க போறீங்க? என்னோடதை யார் பாக்கறதாம்?"

அவர் அப்படியே நின்றார்.

"கை வச்சுப் பாருங்கண்ணே."

அண்ணே என்ற அந்தச் சொல்லை அவள் பதினோரு வருடமாக யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. விசில் திரும்பி வந்து முழங்காலிட்டார். அவர் அவசரப்படவில்லை, இவளும் அவசரப்படுத்தவில்லை. அவர் 'பாத்தாச்சு' சொல்லி முடித்ததும் சின்னவள் சுவரில் ஏறி, அந்தப் பக்கம் காலைப் போட்டாள்.