நார்ப் வெல்லேவிடம் யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நார்ப் வெல்லே பேஸ்பால் எறிமேட்டில் ஏறி நின்றதும், வெளிக்களத்தில் நிற்கும் எங்கள் ஆட்கள் மூவரும் தாமாகவே பத்தடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நார்ப் எறியும் பந்து செமத்தியாக அடி வாங்கி, வேலியைத் தாண்டி, எங்கள் மேனேஜர் லாம்பர்ட்டின் சோளக்காட்டில் போய் விழும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். 1996 கோடையில் அந்தச் சோளக்காட்டில் மட்டும் முப்பத்தொரு பந்துகளைத் தொலைத்தோம். நம்பாதவர்கள் என் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். எங்கள் ஊரான செயின்ட் கூனிபர்ட்டின் அணிக்குப் பதினெட்டு வருஷமாக ஸ்கோர் எழுதுகிறவள் நான்தான்.

எங்கள் ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு கோவில், ஒரு பார், ஒரு பேஸ்பால் அணி. மினசோட்டாவில் இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாமே அப்படித்தான். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆட்டம் முடிந்தால் ஒரு பீரும் ஒரு சாசேஜும் கிடைக்கும். நார்ப் இருபது வருஷமாக எங்கள் முதல் பிட்ச்சர், அதாவது பந்தெறிந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற ஆள். 1981இல் எங்களை மாநிலப் போட்டி வரை இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். அன்றைக்கு அவருடைய பந்து மட்டையாளரின் கண்ணுக்குத் தெரியாது. இப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. இப்போது வரும் பந்தின் தையலை மட்டையாளர் நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டு அடிக்கலாம்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. அவர் பந்தை ஒருவன் வேலிக்கு மேலே அடித்து அனுப்பினால், அவன் சுற்றி ஓடி வரும்போது நார்ப் தொப்பியைத் தொட்டு, "நல்ல அடிப்பா!" என்று பாராட்டுவார். அந்தக் கோடையில் அவருக்குப் பாராட்டிப் பாராட்டியே தொண்டை கட்டிக்கொண்டது.

ஜூன் மாதம் ஒரு ஆட்டத்தில் பதினொன்றுக்கு மூன்று என்று தோற்றுவிட்டு எல்லோரும் பாரில் உட்கார்ந்திருந்தோம். நார்ப் மட்டும் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போனதும்தான் எல்லோருக்கும் வாய் வந்தது.

"அவனைக் கடைசி ரெண்டு இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கணும்ப்பா," என்றார் தீவனக்கடை ஆல்ஃபோன்ஸ்.

"அதுவரைக்கும் நாம ஜெயிச்சுக்கிட்டு இருந்தா, அவனை எதுக்கு இறக்கணும்?" என்றார் பார்க்காரர்.

"சரி, தோத்துக்கிட்டு இருந்தா?"

"அதுக்கு நம்ம மத்த ஆளுங்களே போதுமே."

"முதல் பேஸ்ல நிறுத்திப் பாக்கலாமா?"

"அங்க குனிஞ்சு பந்தப் பிடிக்கணும். நார்ப் குனிஞ்சா நிமித்தி விட ரெண்டு பேர் போகணும். அதுக்கு ஆள் எங்க இருக்கு?"

எங்கள் பாதிரியார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளுக்காக ஒன்பது நாள் ஜெபம் வைக்கலாம் என்றார்.

"ஒன்பது நாள் பத்தாது ஃபாதர்," என்றார் ஆல்ஃபோன்ஸ்.

கடைசியில் மேனேஜர் லாம்பர்ட் பெருமூச்சு விட்டார். சோளக்காடு போக, பள்ளிக்கூட பஸ்ஸும் ஓட்டுகிறவர். "நமக்கு கர்ட் இருக்கான். இருபத்தி நாலு வயசு. பால் லாரி ஓட்டுற பையன். அவன் எறியற பந்தப் பிடிக்க நம்ம கேட்ச்சர் கையுறைக்குள்ள பஞ்சு வச்சுக்கறான். கர்ட்தான் ஆட்டத்தைத் தொடங்கணும். யாராவது நார்ப்கிட்ட சொல்லணும்."

அவ்வளவுதான். எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. ஆளாளுக்குத் தம்ளரின் அடியைப் பார்த்தார்கள்.

காரணம் இதுதான். நார்புக்குப் பிழைப்பு ஃபர்னஸ் வேலை. ஒவ்வொரு வீட்டு நிலவறையிலும் வீட்டைச் சூடாக்க ஒரு ஃபர்னஸ் இருக்கும். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி போகும்போது அது நின்றால், குழாயில் தண்ணீர் உறையும், அப்புறம் நாம் உறைவோம். சுற்றுவட்டாரத்தில் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் நார்ப் ஒருவர்தான். அடுத்த ஆள் நாற்பது மைலுக்கு அப்பால் இருக்கிறான், கூப்பிட்டால் வியாழக்கிழமை வருகிறேன் என்பான். கிறிஸ்துமஸ் பூசையின் நடுவில் எழுந்து, கோட்டும் டையுமாகவே லாம்பர்ட் வீட்டு நிலவறையில் இறங்கியவர் நார்ப். என் வீட்டு ஃபர்னஸ் 1964இல் என் மாமனார் வைத்தது. பதினைந்து வருஷமாக அதைக் கம்பி கட்டியும் கெட்ட வார்த்தையில் திட்டியும் உயிரோடு வைத்திருப்பவரும் அவர்தான். இப்படிப்பட்ட மனிதரிடம் போய், "உன் காலம் முடிந்தது" என்று எந்த வீட்டுக்காரன் சொல்வான்? பயம் பாதி, நன்றி பாதி. எங்கள் ஊரில் இரண்டையும் சேர்த்து நாகரிகம் என்று சொல்லிக்கொள்வோம்.

அணியின் குழு கோவில் மண்டபத்தில் கூடியது. ஏழு பேர், ஒரு பாத்திரம் காபி, இரண்டு தட்டு எலுமிச்சைக் கேக். இரண்டு மணி நேரம் பூசி மெழுகினோம். தீர்வு சொன்னது நான்தான். அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

"ஒரு ஞாயித்துக்கிழமைய 'நார்ப் வெல்லே தினம்'னு வச்சிருவோம். ஒரு பட்டயம் கொடுப்போம். அவரோட பதினேழாம் நம்பர் சட்டைய வேலியில மாட்டுவோம். ரிட்டயர் ஆனவங்களுக்குத்தானே அப்படி மாட்டுவாங்க? மனுஷன் தானா புரிஞ்சுக்குவாரு. நாம வாயத் திறக்கவே வேண்டாம்."

"வெர்னா, நீ மகராசி!" என்றார் லாம்பர்ட். நிம்மதியில் இன்னும் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார்.

ஜூலையில் விழா நடந்தது. நானூறு பேர் வந்தார்கள், ஊரில் இருப்பதைவிட அதிகம். பள்ளிக்கூட பேண்டு வாசித்தார்கள். பாதிரியார் பேசினார், லாம்பர்ட் பேசினார், ஆல்ஃபோன்ஸ் எழுதி வைத்துப் படித்தார். அடக்கப் பூசையில்கூட ஒரு ஆளைப் பற்றி அவ்வளவு நல்லதாக நாங்கள் பேசியதில்லை. "இனிமே நீ ஞாயித்துக்கிழமைல நிம்மதியா மீன் பிடிக்கப் போகலாம்" என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னோம். இரண்டு பேர் தூண்டில் பரிசளித்தார்கள். பதினேழாம் நம்பர் சட்டை வேலியில் காற்றில் ஆடியது.

கடைசியில் நார்ப் மைக்கைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் பேச வராது. உண்மைய சொல்லிடறேன். தோள் போயி மூணு வருஷமாச்சு. இந்த சீசனோட நிறுத்திக்கலாம்னு முடிவே பண்ணிட்டேன். ஜாய்ஸ்கிட்டகூட சொல்லிட்டேன். ஆனா இன்னிக்கு நீங்க காட்டுற பிரியத்தப் பாத்தப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விட்டுட்டுப் போறது? இன்னும் அஞ்சு வருஷம் எறியறேன்!"

நாங்கள் கை தட்டினோம். வேறென்ன செய்வோம்? லாம்பர்ட்தான் எல்லோரையும்விட பலமாகத் தட்டினார். நார்பின் மனைவி ஜாய்ஸ் மட்டும் தட்டவில்லை. மடியில் தூண்டிலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நார்ப் நேரே வேலிக்குப் போய், ஏறி, மாட்டியிருந்த சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டார். இரண்டு மணிக்கு ஆட்டம், அவரிடம் வேறு சட்டை இல்லை. அன்றைக்கு ஒன்பது ரன் கொடுத்தார்.

ஆகஸ்டில் வட்டார இறுதி ஆட்டம், எங்களுக்கும் பக்கத்து ஊர் லேக் ஒடீலியாவுக்கும். ஜெயித்தால் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு மாநிலப் போட்டி. சனிக்கிழமை லாம்பர்ட் கர்ட்டைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீதான்" என்று சொல்லிவிட்டார். நல்ல முடிவு. அதை நார்பிடம் சொல்வதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பார்த்தால், நார்ப் பதினொரு மணிக்கே வந்து எறிமேட்டை வாரியால் தானே சமப்படுத்திக்கொண்டிருந்தார். லாம்பர்ட் கிட்டே போனார், தொண்டையைக் கனைத்தார், "மேடு நல்லா இருக்குப்பா" என்றார், பந்தை நார்ப் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். கர்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்ட ஷூவைக் கழற்றிச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

முதல் இன்னிங்ஸிலேயே மூன்று ரன் போனது. லாம்பர்ட் மேட்டுக்குப் போனார், ஏதோ பேசினார், வந்தார். என்ன பேசினார்கள் என்று பிறகு கேட்ச்சரிடம் கேட்டேன். சாயங்காலம் மழை வருமா என்று பேசினார்களாம். அடுத்து இன்னும் இரண்டு ரன். "நல்ல அடிப்பா!" என்றார் நார்ப்.

ஒரே இன்னிங்ஸில் மேனேஜர் இரண்டாவது தடவை மேட்டுக்குப் போனால், பிட்ச்சர் கட்டாயம் வெளியே வரவேண்டும். அது விதி. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். லாம்பர்ட் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு, வெயில் அதிகமாக இருக்கிறதே என்று முனகியபடி மேட்டுக்கு நடந்தார்.

"லாம்பர்ட், இது ரெண்டாவது தடவை," என்றார் அம்பயர். "பிட்ச்சர மாத்தியாகணும்."

லாம்பர்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட கடவுளே! மறந்தே போச்சே! நான் ஒரு மடையன்! நார்ப், சத்தியமா மறந்துட்டேன்ப்பா. விதி இப்படி இருக்கே, நான் என்ன செய்வேன்!"

கோவில் நாடகத்தில் யூதாஸ் வேஷம் கட்டினபோதுகூட லாம்பர்ட் இவ்வளவு மோசமாக நடித்ததில்லை. நார்ப் தண்ணீரை வாங்கி முழுக்கக் குடித்தார். பந்தை லாம்பர்ட்டின் கையில் வைத்தார்.

"பரவால்ல லாம்பர்ட்," என்றார். "மறதி எல்லாருக்கும் வரும்."

பிறகு பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, இரண்டு காலிலும் ஷூ கயிற்றை அவிழ்த்தார். நான் அவரைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கர்ட் அதற்கு மேல் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. நாங்கள் நான்கு எடுத்தோம். ஐந்துக்கு நான்கு என்று தோற்றோம். அன்று பாரில் எல்லோரும் அம்பயரைத் திட்டினார்கள். ஈவிரக்கம் இல்லாமல் விதியைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆளாம். நார்ப் அடுத்த வாரம் சட்டையைத் துவைத்து, மடித்து, என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை.

ஜனவரி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு, என் ஃபர்னஸ் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. போனை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தேன். நார்ப் இருபது நிமிஷத்தில் வந்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார், வழக்கம்போல. நிலவறையில் நான் டார்ச் பிடித்தேன். அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பையிலிருந்து கம்பியை எடுக்கவே இல்லை.

"வெர்னா, இது போச்சு."

"எப்பவும் போல எதையாவது கட்டி விட்டுப் பாரேன் நார்ப். இந்தக் குளிர்காலம் மட்டும் தாண்டட்டும்."

"இல்ல. முப்பத்திமூணு வருஷம் நல்லா உழைச்சிருக்கு, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா இனி இதுக்குள்ள ஒண்ணும் இல்ல. கழட்டிட்டுப் புதுசு வச்சே ஆகணும்."

மூடியைத் திருகி மூடினார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"பாத்தியா, சொல்லிட்டேன். எவ்வளவு நேரம் ஆச்சு?"

நான் டார்ச்சைத் தாழ்த்தினேன்.

"அரை நிமிஷம்கூட ஆகல. பேண்டு வாத்தியம் ஒண்ணும் தேவப்படல."

புதியது வந்து சேரும்வரை நான் குளிரில் விறைக்கக் கூடாது என்று, வண்டியில் இருந்த மின்சார ஹீட்டரை எடுத்துவர அவர் நிலவறைப் படி ஏறினார். டார்ச்சைப் பிடித்தபடி பின்னாலேயே போனேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"காபி போடட்டுமா நார்ப்?" என்று கேட்டேன்.