வலக் கன்னத்தில் லைட், இடக் கன்னத்தில் லேசர்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிற காலை நேரத்தில், குடத்தோடு நிற்கிற பெண்களில் பாதிப் பேரின் முகம் மஞ்சளாக இருக்கும். சென்னை கே.கே. நகருக்குக் குடிவந்த புதிதில், "இண்டைக்கு என்ன விரதம்?" என்று மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் மஞ்சள் சாமிக்கும் கறிக்கும்தான். பெரியபிள்ளையான பெட்டைக்கு ஒருநாள் பூசுவார்கள், அவ்வளவே. இங்கே அரைத்த மஞ்சளை முகத்தில் அப்பிக்கொண்டே தெருவுக்கு வருகிறார்கள், அந்த முகத்தோடேயே சண்டையும் பிடிக்கிறார்கள். குடம் குடத்தில் மோதி நசுங்கும். ஒருத்தி மற்றவளின் கொண்டையைப் பிடித்து இழுப்பாள். லாரி போனதும் அதே இரண்டு பேரும் ஒரு வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். சண்டை என்றால் யாராவது செத்துத்தான் முடியும் என்று பழகிவிட்ட எங்களுக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது.

கீழ் வீட்டு மாலாதான் அந்த வரிசைக்குத் தளபதி. ஒருநாள் மஞ்சள் கிண்ணத்தோடு மாடியேறி வந்து, "இத்த வாங்கிக்க யக்கா. தெனம் தேச்சுக் குளிச்சா மூஞ்சில முடியே மொளைக்காது. உன் பொண்ணுக்குத் தடவு" என்று மனைவியின் கையில் வைத்தாள். அவள் அன்பாகத்தான் கொடுத்தாள். ஆனால் என் மனைவி பரமேஸ்வரி கதவைச் சாத்திவிட்டு அழுதாள். எங்கள் மகளின் முகத்தைத் தெருவே பார்த்திருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மகள் பெயர் வதனி. பதினாறு வயதில், இடம்பெயர்ந்து ஓடித் திரிந்த வருடத்தில், அவளுக்கு மாதவிலக்கு நின்றது. பிறகு தாடையில் கறுப்பாக மயிர் அரும்பியது. ஹோர்மோன் பிழை என்றார் ஒரு டாக்டர். மருந்து எழுதித் தந்தார், வாங்க மருந்துக்கடை இல்லை. அந்த நாள்களில் என் சவர பிளேடு சீக்கிரம் மழுங்கிப் போகும். மட்டமான பிளேடு என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை விடிய முதல் எழும்பிக் கிணற்றடியில் ஒளித்திருந்து முகம் வழித்தாள் என்பது தகப்பனுக்குத் தெரியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருநீறு பூசி, பதிகம் பாடி, சைக்கிள் திருத்திப் பிழைத்தவன். பெண்பிள்ளையின் முகத்தைப் பற்றி எந்தப் பதிகத்திலும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இங்கே எங்களைப் போன்ற அகதிகள் மாதாமாதம் போலீஸ் நிலையத்தில் போய் முகம் காட்டிவிட்டு வர வேண்டும். அந்த மாதம் ஒரு புதுக் கான்ஸ்டபிள் இருந்தார். பதிவுப் படத்தையும் வதனியையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல், அவளுடைய தாடையை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"இன்னா நைனா, பொண்ணுன்னு சொல்லி இட்டாந்துகீற. தாடி கீது?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஆம்பளப் பையனுக்குப் பாவாடை கட்டி இட்டாந்துட்டியா? குண்டு கிண்டு இருக்கான்னு பாருய்யா" என்று உள்ளேயிருந்து இன்னொரு குரல் வந்தது. கான்ஸ்டபிள் கட்டைவிரலால் அவள் தாடையைத் தேய்த்துப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பது போல. எனக்குக் கை எழும்பியது. பரமேஸ்வரி என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையத்தில் நாங்கள் கோபப்பட்டால் போகுமிடம் வீடாக இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் வதனி குளியலறைக்குள் போய்த் தாளிட்டாள். நான் கதவை உடைத்து உள்ளே போனபோது, சவர்க்காரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. காய்ந்த முகத்தில் பிளேடால் இழுத்துக்கொண்டிருந்தாள். கழுத்து வரை இரத்தம். பிளேடைப் பறித்த பரமேஸ்வரியின் உள்ளங்கையும் கிழிந்தது. "அடுத்த மாசம் அவன் என்னைத் தொடக்கூடாது அப்பா. தொட்டால் நான் உயிரோடு திரும்ப மாட்டன்" என்றாள். அதை அவள் கத்திச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வைத்தியம் தேடியது இப்படித்தான். தி.நகரில் நகைக்கடைக்கு மேல் மாடியில் ஓர் அழகு நிலையம். மயிரைப் பொசுக்கிப் போக்குகிற ஒரு லைட் மிஷின் அங்கே வெளிநாட்டிலிருந்து இறங்கியிருந்தது. அங்கே வேலை செய்த பெண்ணின் பெயர் ஜெயந்தி. "பயப்படாத பாப்பா, போட்டோ புடிக்கிறாப்பல ஒரு ஃப்ளாஷு. ஒரே அடில இம்மாம் எடம் க்ளீன் ஆயிடும்" என்று தீப்பெட்டி அளவைக் காட்டினாள். கறுப்புக் கண்ணாடி தந்தாள். அது வதனிக்குப் பெரிதாக, மூக்குப் பக்கம் இடைவெளியோடு இருந்தது. நான் திரைக்கு வெளியே நின்றேன். டப்பென்று ஒரு சத்தம். திரை முழுக்க வெள்ளையானது.

அந்த வெள்ளை எனக்குத் தெரியும். அங்கிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். பரா லைட், இராணுவம் எறிகிற வெளிச்சக் குண்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் வானத்திலிருந்து சின்னக் குடையில் தொங்கிக்கொண்டு இறங்கும். முற்றத்து மணல் மணலாகத் தெரியும். அது தெரிந்தால் நிலத்தில் விழு, அசையாதே என்று பிள்ளைகளுக்கு நடக்கப் பழக்கும்போதே பழக்கினோம். என் தங்கச்சி சிவமலர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தவள், வாளியைக் கைவிட்டால் கயிறு போய்விடும் என்று ஒரு கணம் நின்றாள். ஹெலிகொப்டரிலிருந்து சுட்டவனுக்கு அந்த வெளிச்சத்தில் தெரிந்தது, அசைகிற ஒரு கறுப்பு உருவம் மட்டுமே. பெண்ணா பிள்ளையா என்று அந்த வெளிச்சம் பார்க்காது. கிணற்றுக்கட்டில் அவள் தலைமயிர் ஒட்டியிருந்ததை வதனி பார்த்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

திரையை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளை கட்டிலுக்குக் கீழே குப்புறக் கிடந்தாள், இரண்டு கையும் பிடரியில். ஜெயந்தி பதறிப்போய், "ஐயோ, வலிப்பு! சாவி குடு, யாராச்சும் சாவி குடுங்க!" என்று கூவினாள். ஓடி வந்த இன்னொருத்தி, பீரோச் சாவிக் கொத்தை வதனியின் கைக்குள் திணித்து இறுக்கி மூடினாள். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது இங்கத்தைய நம்பிக்கை. வலிப்பில்லை, இது பயம் என்று நான் சொல்லச் சொல்ல, "வலிப்பு வந்தவங்க வீட்ல அப்டித்தான் மறைப்பாங்க" என்றாள் ஜெயந்தி. அப்படியும், பாவம், ஈரத்துணியால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வதனி சாவிக் கொத்தோடு எழுந்தாள். "அப்பா, இன்னும் ஒருக்காப் போடச் சொல்லுங்கோ" என்றாள்.

சாவியை இறுக்கிப் பிடித்தபடி வலக் கன்னம் முழுவதையும் காட்டினாள். முதல் அடியில் மயிர் கருகவில்லை என்று நிலையத்தின் உரிமையாளர் வந்து மிஷினின் சூட்டைக் கூட்டி வைத்தார். பொசுங்குகிற நாற்றம் திரைக்கு வெளியே வந்தது. மயிர்தானே பொசுங்குகிறது என்று நின்றேன். அன்று பின்னேரமே கன்னத்தில் கொப்புளம் போட்டது, தீப்பெட்டி தீப்பெட்டியாக, ஓரம் வெட்டினாற்போல் சதுரமாக.

மறுநாள் நான் தனியாகப் போனேன். உரிமையாளரின் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அமர்த்தினேன். சைக்கிள் முறுக்கிய கை. அவருடைய கண் பிதுங்கியது. "மிஷின் மேல தப்பில்ல, உம் பொண்ணு கலர் அப்டி" என்றார். இன்னும் அமர்த்தினேன். மூச்சு முட்ட, "பேச்சுலயே தெரியுதுய்யா நீ யாருன்னு. போலீஸக் கூப்புடட்டா?" என்றார். என் விரல்கள் தாமாகவே கழன்றன. இந்த ஊரில் மாலா குடத்தால் அடிக்கலாம், அடிபட்டவள் திருப்பி அடிக்கலாம். எங்களுக்கு அந்த உரிமை தரப்படவில்லை. வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறி, மயிலாப்பூரில் இறங்கி அம்மன் சந்நிதியில் நின்றேன். கும்பிடக் கை கூடவில்லை. மற்றவனின் கழுத்துச் சூடு இன்னும் கையில் இருந்தது.

பிறகு மாலாவே எங்களை ஓர் ஆட்டோவில் ஏற்றி, அடையாறில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அந்த டாக்டர் வீட்டில் முன்பு பாத்திரம் தேய்த்தவளாம். "இது என் தங்கச்சி மாதிரி டாக்டரு, கொஞ்சம் பாத்துச் செய்யி" என்று உரிமையோடு சொன்னாள். டாக்டர் கன்னத்தைத் தொடுவதற்கு முன், "தொடட்டுமாம்மா?" என்று கேட்டார். நான் வாசலில் நின்று அதைக் கேட்டேன்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது பிள்ளை இருந்தால் உதவும். லைட் மிஷினில் எல்லா நிறமும் கலந்து வரும். பெரிய இடத்தில் ஒரே தரம் விழும், வேலை வேகம். வெளுத்த தோல், கறுத்த மயிர் என்றால், தெரிந்தவர் கையில் அது நல்லதுதான். ஆனால் அது கறுப்பைத் தேடிச் சுடுகிற வெளிச்சம். எங்கள் நிறத்தில் மயிரும் கறுப்பு, தோலும் கறுப்பு. அதற்குப் பிரித்தறியத் தெரியாது. லேசர் ஒரே நிறக் கதிர், சின்னப் பொட்டாக விழும். அதிலும் பல ரகம். சில ரகம் எங்கள் தோலையும் சுடும். இவரிடம் இருந்தது மேல்தோலை அதிகம் சீண்டாமல் ஆழத்துக்குப் போய் வேரைப் பிடிக்கிற ரகம். பிடுங்கக்கூடாது, நூல் வைத்து இழுக்கக்கூடாது. வேர் உள்ளே இருந்தால்தான் கதிருக்குப் பிடி கிடைக்கும். வழிக்கலாம். ஒருமுறையில் முடியாது, விட்டுவிட்டுப் பல தடவை வர வேண்டும். "ஒரேயடியா போயிடும்னு நான் சொல்லமாட்டேன். ஹார்மோனுக்கு மாத்திரையும் சாப்பிடணும், இல்லாட்டி புதுசா வந்துண்டே இருக்கும்" என்றார். வெந்த வலப்பக்கத்தை, பழைய நிறம் திரும்பும் வரை தொடவே மாட்டேன் என்றார். இடப்பக்கமும் தாடையும் மட்டும்.

லைட் என்றால் பரா லைட், லேசர் என்றால் மரத்தில் இருந்து குறிபார்த்துச் சுடுகிறவன் என்றுதான் எனக்கு ஓடியது. எது என்றாலும் சுடுவதுதானே. ஆனால் டாக்டர் கண் முழுவதையும் மூடுகிற கவசம் போட்டார். ஒரு துளி வெளிச்சம் நுழையவில்லை என்று வதனி பிறகு சொன்னாள். "ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டின மாதிரி வலிக்கும். நீ 'ம்' சொன்னப்புறம்தான் நான் அழுத்துவேன். சொல்லாட்டி இல்ல" என்றார். பிறகு, "ம்." டிக். மறுபடி, "ம்." டிக். வெளியே மாலா என் பக்கத்தில் நின்று, "இன்னா, மாடு அசை போடுறாப்பல கீது" என்று சிரிக்கப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். எங்கள் பிள்ளையிடம் கேட்டுவிட்டு அடித்தது உலகத்தில் அந்த ஒரு மிஷின்தான்.

அடுத்த பதிவு நாள் வந்தபோது இடக் கன்னம் ஓரளவு வெறுமையாக இருந்தது. வலக் கன்னத்தில் தோல் உரிந்து, சதுரம் சதுரமாக வெளிறியும் கறுத்தும் கிடந்தது. முந்தானையால் மூடிக்கொள் என்றாள் பரமேஸ்வரி. வதனி மூடவில்லை. அதே கான்ஸ்டபிள். படத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார், கை மேசையை விட்டு எழும்பியது. இந்தமுறை பரமேஸ்வரியும் என் சட்டையைப் பிடித்திருக்கவில்லை. அந்தக் கை வந்து சேர முன்னரே வதனி தானாக ஓர் அடி முன்னால் போய், வெந்த கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள்.

அவருடைய கை அந்தரத்தில் நின்றது. குரல் இறங்கிவிட்டது. "இன்னாம்மா இது... குண்டு பட்டதா? அங்க, சண்டைல?"

"இல்லை சேர்" என்றாள் வதனி. "தி.நகரில் பட்டது."

அவர் கையை இறக்கிப் பதிவுப் புத்தகத்தை இழுத்தார். முத்திரை குத்தித் தந்தார். பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை.

டாக்டர் இடப்பக்கத்தில் எதுவும் பூசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆறிய வலப்பக்கத்துக்குத் தடையில்லை. இன்று வெள்ளிக்கிழமை. தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. மாலா தன் கிண்ணத்திலிருந்து வழித்து, அந்தச் சதுரங்களின் மேல் மெதுவாகத் தடவிவிடுகிறாள். எனக்கு மாடியிலிருந்து தெரிகிறது: முழு மஞ்சள் முகங்களின் நடுவே, குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பாதி மஞ்சளாக என் பிள்ளை. யாரோ ஒருத்தி வரிசையில் முந்துகிறாள். வதனி அவளை முழங்கையால் இடித்துத் தள்ளுகிறாள்.