மதுரை ரோட்டு வண்டியும் திருச்சி ரோட்டு வண்டியும்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் 'போகாதே' என்று சொல்வதில்லை. போகிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். அக்கா தனக்குச் சென்னையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொன்ன வாரம், மாடி ரூமுக்கு டைல்ஸ் பார்த்துவரும்படி அம்மா அவளிடம் சொன்னாள். அக்கா கடை கடையாக ஏறி இறங்கினாள். டைல்ஸ் பதித்து முடிப்பதற்குள் கல்லூரியில் சேரும் தேதி போய்விட்டது. அடுத்த தையில் ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு வந்தது கார்.

நான் படித்தது ஆட்டோமொபைல் இன்ஜினியரிங். படித்துவிட்டு அப்பாவின் மோட்டார் பம்ப் கடையில் இருந்தேன். கடை திண்டுக்கல் பைபாஸுக்குப் போகிற வழியில் இருக்கிறது. சாணார்பட்டி, அகரம் பக்கத்துத் தோட்டக்காரர்கள்தான் வாடிக்கை. போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது என்று போன் வந்தால் நாங்கள்தான் போய் ஏற்றிவர வேண்டும். அந்த அலைச்சலுக்கு நடுவே பூனாவில் ஒரு கம்பெனிக்கு எழுதிப்போட்டு, போனிலும் கம்ப்யூட்டரிலும் அவர்களோடு பலமுறை பேசி, வேலை கிடைத்துவிட்டது. என்ன வேலை என்றால், கார் ஓட்டுவது. விற்பனைக்கு வராத கார்களை மேட்டிலும் பள்ளத்திலும் மழையிலும் ஓட்டிப் பார்த்து, எது எங்கே ஆடுகிறது, எது எப்போது முனகுகிறது என்று எழுதித் தருவது. நான் சும்மாவே செய்துகொண்டிருக்கிற காரியம் அது. ஷேர் ஆட்டோவில் போனால்கூட எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு வருகிறவன் நான். இதற்குச் சம்பளமும் தருவார்களாம்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அப்பா "ம்" என்றார். அம்மா தட்டில் இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைத்தாள். போன வருஷம் அப்பாவுக்கு மதுரையில் வைத்து நெஞ்சில் ஸ்டென்ட் போட்டிருந்தது. அதைப் பற்றி அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் கடை ஷட்டரை நான் தூக்கிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் நின்று சொன்னார்.

"வண்டி ஒண்ணு எடுத்துரலாம்னு இருக்கேன். பெட்ரோல் வண்டியா, கொஞ்சம் ஒசரமா. நீதான் பாத்துச் சொல்லணும்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கிய அதே நொடியில், ஷட்டர் முழுசாக மேலே போவதற்கு முன்பே, என் மண்டைக்குள் எந்த வண்டி, எந்த இன்ஜின் என்று ஓட ஆரம்பித்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

அப்பா சொன்ன மாதிரியில், எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இருந்த எல்லா வண்டிகளையும் அலசி, கடைசியில் இரண்டு நின்றன. ஒன்றின் ஷோரூம் மதுரை ரோட்டில், மற்றதன் ஷோரூம் திருச்சி ரோட்டில். அம்மாவுக்குக் கம்பெனிப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்பதால் வீட்டில் மதுரை ரோட்டு வண்டி, திருச்சி ரோட்டு வண்டி என்றே பேர் நிலைத்துவிட்டது. விலையில் சீட் கவர் வாங்குகிற அளவுக்குத்தான் வித்தியாசம். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. உள்ளேதான் வேறு வேறு பிறவி. மதுரை ரோட்டு வண்டிக்கு டர்போ இல்லாத சாதுவான நாலு சிலிண்டர் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். மிதித்தால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சரி போவோம் என்று கிளம்பும். திருச்சி ரோட்டு வண்டிக்கு மூன்று சிலிண்டர் டர்போ, கையால் போடுகிற கியர். நின்றால் லேசாக நடுங்கும். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதே விலைக்கு அதில் ஆட்டோமேட்டிக் வராது.

எனக்குப் பிடித்தது திருச்சி ரோட்டு வண்டி. இருந்தாலும் வாங்கவைக்க வேண்டியது மதுரை ரோட்டு வண்டி என்று முடிவு செய்தேன். காரணம் கிளச். அப்பா முன்பு ஒரு பழைய வேன் வைத்து அவரே ஓட்டினார். ஸ்டென்டுக்குப் பிறகு, டவுன் நெரிசலில் கிளச்சை மிதித்து மிதித்து மூச்சு வாங்குகிறது என்று அதை விற்றுவிட்டார். வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. மோட்டாரை ஏற்றி இறக்கக் கடையில் ஆள் உண்டு. கிளச்சே இல்லாத வண்டி வந்துவிட்டால் அப்பாவே ஓட்டலாம். அப்பா ஓட்டினால் நான் போகலாம்.

ஒட்டன்சத்திரத்து மச்சான் போனில் என்னைக் கடிந்துகொண்டார். "ஏனுங்க மாப்ள, ஆட்டோமேட்டிக் எல்லாம் வயசானவங்க ஓட்டறதுங்க. உங்க வயசுக்கு டர்போதானுங்க."

"வயசானவருக்குத்தான் மச்சான் வாங்குறோம்."

அவர் "அப்படிங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்காவிடம் போனைக் கொடுத்தார். நீ எத்தனை ஷோரூம் ஏறினாய் என்று அக்கா கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் திருச்சி ரோட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். நாலுவழிச் சாலையில் ஒரு பஸ்ஸைத் தாண்டுவதற்காக மிதித்தேன். வண்டி பாய்ந்த பாய்ச்சலில் எனக்கே தெரியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் பின்சீட்டிலிருந்து அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மதுரை ரோட்டு வண்டியை வத்தலக்குண்டு ரோட்டுக்கு ஓட்டிப்போய், ஆளில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, அப்பாவைக் கட்டாயப்படுத்தி ஸ்டியரிங்கில் உட்காரவைத்தேன். வண்டி நகர்ந்ததும் பழக்கதோஷத்தில் அவருடைய இடது கால் கிளச்சைத் தேடிப்போய் பிரேக்கை அமுக்கியது. எல்லோரும் முன்னால் போய் இடித்துக்கொண்டோம். அம்மாவின் பை கவிழ்ந்து மாத்திரை அட்டைகள் காலடியில் சிதறின.

"எடது கால மடக்கி வச்சுக்கங்க சார், அதுக்கு இதுல வேலையே கெடையாது" என்றார் கூட வந்திருந்த ஷோரூம்காரர்.

"வேலையில்லாத கால எங்கெய்யா கொண்டு வைக்கிறது?" என்றார் அப்பா.

ஆனால் அதற்குப் பிறகு நன்றாக ஓட்டினார். லாரிக்கு ஒதுங்கினார், ஆட்டுமந்தைக்கு நின்றார், பதற்றமில்லாமல் திருப்பினார். பத்து நாள் பழகினால் போதும் என்று எனக்குத் தோன்றியது. பூனாவில் தங்க இடம் தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். இறங்கியதும் அப்பா டிக்கியைத் திறக்கச் சொல்லி, இதில் ரெண்டு மோட்டார் படுக்குமா என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் பேச்சு முடிவுக்கு வரவில்லை. நான் மதுரை ரோடு என்றேன். அப்பா, உனக்கு அந்த வண்டிதானே பிடித்தது, உன் மூஞ்சியிலேயே தெரிந்ததே என்றார். இல்லை என்று நான் சாதித்தேன். இரண்டு பேரும் அடுத்தவருக்காக விட்டுக்கொடுப்பதாக நினைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் அம்மா, பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றாள்.

கல்யாணம், வீடு, ஆபரேஷன் என்று எதுவானாலும் எங்கள் வகையறாவில் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் தெருமுனைக் கோயிலுக்குப் போனேன். வெள்ளை என்றால் மதுரை ரோட்டு வண்டி, சிவப்பு என்றால் திருச்சி ரோட்டு வண்டி என்று அப்பா சொன்னார். பூசாரி கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இப்பிடிக் கேக்கக் கூடாதே. ஒரு காரியத்தச் செய்யலாமா வேணாமான்னுதான் உத்தரவு கேக்குறது. வெள்ளைன்னா செய்யலாம், செவப்புன்னா வேணாம். வண்டி எடுக்கலாமா வேணாமான்னு கேட்டுருவோமா?"

அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பூவில் துளி நம்பிக்கையும் இல்லாத நான், பூசாரி தன் பேச்சில் விடாப்பிடியாக நிற்க வேண்டுமே என்று அந்த அம்மனையே வேண்டிக்கொண்டேன்.

அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் சொன்னார். "எடுக்குறது முடிவாயிருச்சுங்க. எதுன்னு மட்டும் கேளுங்க."

பூசாரி என்னைப் பார்த்தார். என்னிடமிருந்து ஒரு சொல் வந்திருந்தால்கூட அவர் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மாதான் பிடித்திருந்தாள். பூசாரி இரண்டு பொட்டலங்களையும் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அப்போதும் நான் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் வேடிக்கை. கேள்வி தப்பாக இருந்தாலும் பதில் எனக்குச் சாதகமாகத்தானே வந்திருக்கிறது? திரும்பி நடக்கும்போது அப்பாவிடம், தினமும் காலையில் உங்களைக் கூட்டிப்போகிறேன், நான் கிளம்புவதற்குள் உங்களுக்குக் கை பழகிவிடும் என்றேன்.

அவர் நடந்தபடியே என் காலைப் பார்த்தார். "எனக்கு எதுக்கு அப்பு? நாள் பூரா ஓட்டப்போறவன் நீ. கிளச்சு இல்லாததும் நல்லதுக்குத்தான், உன் காலு வலிக்காது."

குரலில் தந்திரம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் உண்மையாகவே என் காலைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

வண்டி வந்தது. காலையில் பழகக் கூப்பிட்டால், முதல் நாள் வந்தார். மறுநாள் சரக்கு இறங்குகிறது என்றார். அதற்கு மறுநாள் நான் கூப்பிடவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு, மாடி ரூம் டைல்ஸை விட இது நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

சேரும் தேதி நெருங்கியபோது பூனாவிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். எனக்கு நேர்முகத் தேர்வு நடத்தியவர்களில் ஒருவர். எந்த ரயிலில் வருகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வர முடியாது என்றேன். ஏன் என்றார். அப்பாவின் நெஞ்சு, கடை, இரண்டையும் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வீட்டில் புதுக் கார் வாங்கியிருக்கிறோம் என்று வந்துவிட்டது. அவர் வாழ்த்துச் சொன்னார். பிறகு, பழக்கத்தில் கேட்டிருக்க வேண்டும், எந்தக் கார் என்றார். சொன்னேன். அதே விலைக்கு மற்றது இருக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை என்றார்.

அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். இரண்டு இன்ஜினுக்கும் உள்ள வித்தியாசம், வேகத்தடையில் இரண்டும் எப்படி இறங்குகின்றன, ஏசி போட்டால் எது திணறுகிறது, பின்சீட்டில் வயதானவர்களுக்கு எந்தப் பக்கம் ஏற வாகு, எல்லாம் சொன்னேன். கடைக்கு வந்த ஆட்களைக் கையைக் காட்டி நிற்கவைத்துவிட்டுச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் முழுசாகக் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில், அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்றுகூட விசாரித்தார். நான் முடித்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு, அப்படியென்றால் உன் பெயரை எடுத்துவிடட்டுமா என்றார்.

சரி என்றேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது அந்த ஆட்டோமேட்டிக், எந்தக் கியருக்குப் போவது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறுகிறது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.