அக்கா செய்த முன்பல்

அக்காவுக்கும் எனக்கும் பதினோரு மாதம்தான் வித்தியாசம். இருவரையும் ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். பள்ளி முடியும்வரை அவள் முதலாவதாக வந்தாள், நான் இரண்டாவதாக வந்தேன். மூன்றாவது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பின்னால் திரும்பிப் பார்த்ததே இல்லை.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அம்மா ஒரே மாதிரி இரண்டு பைகள் வாங்கிவந்தாள். அக்கா தன் பையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டு, கடைவீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பல் லேப்பில் பயிற்சிக்குச் சேரப்போவதாகச் சொன்னாள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, உடைந்த பல்லின் மேல் மாட்டும் கேப், பல் செட் எல்லாம் செய்து கொடுக்கிற இடம் அது.

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. டாக்டருக்கா படிக்கப்போகிறாய் என்று கேட்டார். இல்லை, பல் செய்யப்போகிறேன் என்றாள்.

"பல்லைப் பிடுங்கறவருக்கு நாலு பேர் வணக்கம் சொல்வாங்க. பல்லைச் செய்யறவளுக்கு யாரும்மா சொல்வாங்க?"

"மென்னு சாப்பிடறவங்க எல்லாரும் சொல்வாங்கப்பா."

ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பல்கலைக்கழகம் அவளுடைய இடத்தை ஓராண்டு நிறுத்திவைக்கச் சம்மதித்தது. ஆங்கிலத்தில் வந்த அந்தக் கடிதத்தை நான்தான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அடுத்த ஆண்டு இதே மாதம் இருபதாம் தேதிக்குள் வருகிறாளா இல்லையா என்று எழுத வேண்டும். அதற்கு முன்பே லேப்பில் அவளுக்கு ஒரு பரீட்சை வந்துவிடும். அதில் தேறினால் லேப், தேறாவிட்டால் பல்கலைக்கழகம். அப்பா இதற்கு ஒத்துக்கொண்டதே, மூன்று மாதத்தில் அவளுக்குச் சலித்துவிடும் என்ற நம்பிக்கையில்தான்.

சலிக்கவில்லை. மாலையில் இமைமுடியில் வெள்ளைப் பொடியோடு வந்து நிற்பாள். விரல்நுனிகளில் மெழுகுக் கத்தி சுட்ட தழும்புகள் இருக்கும். பேசுகிறவர்களின் கண்ணைப் பார்ப்பதை விட்டு வாயைப் பார்க்கத் தொடங்கினாள். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் சத்தத்தை நிறுத்திவிட்டு அவருடைய கீழ்வரிசைப் பற்களைப் பார்ப்பாள். கை பழகுவதற்காகச் சோப்பில் பல் செதுக்குவாள். ஒருநாள் குளிக்கப்போன அப்பா, ஈரச் சோப்பில் வேரோடு நின்ற கடைவாய்ப் பல்லைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து, இந்த வீட்டில் ஒரு மனுஷன் நிம்மதியாகச் சோப்புப் போடக்கூட முடியாதா என்று கேட்டார். எதிர்வீட்டு அத்தை அவளுக்குப் 'பல்லுக்காரி' என்று பெயர் வைத்தாள். அக்கா அதைப் பட்டம் வாங்கியதுபோல எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சு அவளைப் பற்றித்தான். திட்டுவதற்காக ஆரம்பிப்பார்கள், பிறகு தங்கள் வாயைத் திறந்து காட்டுவார்கள்.

நான் தினமும் இருநூறு பேர் உட்காரும் அரங்கில் பதினேழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விரிவுரையாளர் திரையைப் பார்த்துப் பேசுவார். நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். முதல் பருவத்தில் என் மதிப்பெண் நன்றாகவே இருந்தது. அக்கா இல்லாத இடத்தில் முதலாவதாக வருவேன் என்று நினைத்திருந்தேன். வந்தேன். ஒரு பலகையில் என் எண்ணை ஒட்டினார்கள், பெயரைக்கூட ஒட்டவில்லை. வீட்டில் சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டாள். அடுத்த நிமிடமே, பல்லுக்காரி இன்று ஒரு பாட்டியம்மாவுக்கு முழு செட் முடித்தாளாம், அந்த அம்மா கண்ணாடியைப் பார்த்து அழுதுவிட்டாளாம் என்றாள். அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். பொறாமை என்று யாரிடமும் சொல்லவில்லை. பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னேன்.

பரீட்சை வந்தது. அந்த லேப்பின் முதலாளியம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். பயிற்சியில் இருப்பவர் தன் வீட்டாள் ஒருவருக்கு ஒரு கேப் செய்ய வேண்டும். அதை டாக்டர் தற்காலிகமாக ஒட்டிவிடுவார். பிறகு போட்டுக்கொண்டவரை லேப்பின் வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில், கைக்கண்ணாடியோடு நிறுத்துவார்கள். சரியா இல்லையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். முதலாளியம்மா வாயே திறக்க மாட்டார். வாய் அவர்களுடையது, நம்முடையது இல்லை என்பது அவர் கட்சி. சரியில்லை என்றால் ஒரே ஒருமுறை திரும்பச் செய்யலாம். அதுவும் சரியில்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அக்கா என்னைக் கேட்டாள். என் மேல்வரிசை முன்பல் ஏழு வயதில் பள்ளிப் படிக்கட்டில் பாதி உடைந்து, பிறகு கறுத்துப்போனது. யார் முதலில் கீழே போவது என்று இருவரும் ஓடினோம். அவள் ஜெயித்தாள், நான் விழுந்தேன். அன்றிலிருந்து கையால் வாயை மூடித்தான் சிரிப்பேன். அடக்கமான பெண் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்.

நிறம் பார்க்கக் காலை பத்து மணிக்குக் கூட்டிப்போனாள். உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொன்னாள். விசிறிபோல விரியும் மாதிரிப் பற்களை என் பல்லோடு சேர்த்துப் பிடித்து ஐந்து விநாடி பார்த்தாள். கண் ஏமாற்றிவிடும் என்று ஒரு சாம்பல் துணியைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தாள். 'ஏ டூ' என்று நிறத்தின் குறியைச் சீட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு என் மற்ற முன்பல்லைப் படமாக வரைந்தாள். அதில் மயிரிழை போன்ற ஒரு கோடும், ரவை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியும் இருந்தன. பன்னிரண்டு வருடமாக அந்தப் பல்லோடு வாழும் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பதினேழாம் தேதி டாக்டர் ஒட்டிவிட்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். எது என் பல், எது அவள் செய்தது என்று எனக்கே ஒரு கணம் குழம்பியது. அந்தக் கோடு இருந்தது. புள்ளி இருந்தது. உதடு விலகும் இடத்தில் ஓரம் லேசாக நீலம் தட்டியது. அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் பயமே இல்லை. சரியாகச் செய்திருக்கிறோம் என்று ஒருவருக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிய முடியுமா என்று நினைத்தேன். பலகையில் என் எண்ணைப் பார்த்த நாளில்கூட எனக்கு அப்படித் தெரிந்ததில்லை.

"கொஞ்சம் வெள்ளையா இருக்கு," என்றேன்.

முதலாளியம்மா என்னைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், சீட்டில் ஏதோ எழுதினார். மாதிரிப் பல்லை அக்கா எடுத்து என் வாயருகே வெகுநேரம் பிடித்திருந்தாள். பிறகு, சரி, ஒரு நிறம் இறக்கிச் செய்கிறேன் என்றாள். நான்கு நாள் ஆகும்.

படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு நாளில் இருபதாம் தேதி தாண்டிவிடும். அப்படியென்றால் அவள் பல்கலைக்கழகத்துக்கு வருவாள். என் அரங்கில் முன்வரிசையில் உட்காருவாள். பலகையில் என் எண்ணுக்கு மேலே அவள் எண் இருக்கும். எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன்.

அன்று மாலை அப்பா கேட்டார். அக்கா சொல்வதற்குள் என் காது சூடாகிவிட்டது. நான் செய்ததை அவள் போட்டு உடைத்திருக்கலாம். என் உதட்டைத் தூக்கிக் காட்டினாலே போதும்.

"ஒத்துவரலைப்பா. திரும்பச் செய்யணும்."

"அப்ப யுனிவர்சிட்டிதான். அதுதானே பேச்சு?"

"பேச்சு அதுதான். ஆனா நான் போகலை."

அப்பா சத்தம் போட்டார். ஒரு பல்லே சரியாக வரவில்லை, இதை நம்பி இருக்கிற இடத்தையும் விடுவாயா என்றார். அம்மா அழுதாள். அக்கா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். தோற்றவள் என்று எல்லார் முன்னாலும் பெயர் வாங்கிவிட்டு ஒருத்தியால் இரண்டாம் தடவை சோறு கேட்க முடிகிறது. அவள் வாங்கிய எந்த மதிப்பெண்ணையும்விட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இடம் வேண்டாம் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தை அவள் என்னிடம் கொண்டுவந்தாள்.

"இங்கிலீஷ்ல தப்பு இருக்கான்னு பாரு."

பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே, "முதல்ல செஞ்சது சரியா இருந்துச்சு. உனக்கும் தெரியும்," என்றாள். குரலில் கோபம் இல்லை. பதிலுக்குக் காத்திராமல் தபாலில் சேர்க்கப் போய்விட்டாள்.

இருபத்தொன்றாம் தேதி மறுபடி அதே ஜன்னல். இரண்டாவது கேப்பும் அழகாகத்தான் இருந்தது, ஆனால் நான் சொன்னபடியே ஒரு நிறம் மங்கல். 'ஏ த்ரீ'. பக்கத்துப் பல்லோடு சேரவில்லை. இப்போது சரியில்லை என்று உண்மையிலேயே சொல்லலாம். சொன்னால் அவளுக்கு லேப்பும் இல்லை, படிப்பும் இல்லை. இந்தத் தடவை அவள் கை பின்னால் இல்லை, மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் தழும்புகள் வெளுத்திருந்தன. அவளை அப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் பல வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன்.

"சரியா இருக்கு," என்றேன்.

முதலாளியம்மா அந்தப் பல்லையும் என்னையும் பார்த்த பார்வையில், அவருக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தது. ஆனால் வாய் என்னுடையது. சீட்டில் கையெழுத்துப் போட்டார். டாக்டர் அதையே நிரந்தரமாக ஒட்டினார்.

இது நடந்து நான்கு ஆண்டு ஆகிறது. அக்கா இப்போது வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில் உட்காருகிறாள். முன்பல் வேலை எல்லாம் அவளிடம்தான் போகிறது. அப்பாவின் கீழ்வரிசைக் கேப் இரண்டும் அவள் செய்தவைதான். எலும்பு கடிக்கிற தெம்பு வந்துவிட்டது என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார். நான் பட்டம் வாங்கி ஓர் அலுவலகத்தில் இரண்டு மொழியிலும் கடிதம் எழுதுகிறேன். என் பல்லின் நிற வித்தியாசத்தை இதுவரை யாரும் கவனித்ததில்லை. நான் இப்போதும் கையால் மூடித்தான் சிரிக்கிறேன்.

முதல் கேப்பை அவள் தூக்கிப் போடவில்லை. ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து, என்னை எப்படிக் கூப்பிடுவாளோ அந்தப் பெயரை மேலே எழுதி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். வேணும்னா வா, மாத்திடலாம், அரை மணி நேர வேலைதான் என்று ஒருமுறை சொன்னாள். போய்க் கேட்டால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுப்பாள். அதனால்தான் இன்னும் போகவில்லை.